பாலம் திறந்த நாள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. காலையில் கண்ணைத் திறந்ததும் மற்றவர்கள் மணி என்ன என்று பார்ப்பார்கள். இந்த இனத்தார் தேதி என்ன என்று பார்ப்பார்கள். பார்த்ததோடு விட்டால் பரவாயில்லை. அந்தத் தேதியில் எந்தக் காலத்திலோ எந்தக் கடலிலோ எந்தக் கப்பல் மூழ்கியது, எவர் பிறந்தார், எவர் முதன்முதலாகப் பறந்தார், உலகம் இன்று எதை முன்னிட்டு விழிப்புணர்வு அடைய வேண்டும் என்றெல்லாம் தெரிந்துகொண்டு, அத்தனையையும் அகப்பட்ட முதல் மனிதரின் தலையில் இறக்கி வைக்கிற வரை அவர்களுக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்காது. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? நன்றாக யோசியுங்கள்.

நாம் இங்கே பார்க்கப்போகிற மனிதர் லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'தேதி சார்'. பொழுது விடிவதற்குள் எல்லோருடைய செல்பேசியிலும் அவருடைய செய்தி வந்து உட்கார்ந்திருக்கும். உலகச் சிட்டுக்குருவி நாள் என்றால் குருவியோடு, உலகக் கைகழுவும் நாள் என்றால் சோப்போடு. நவம்பர் பத்தொன்பதாம் தேதி உலகக் கழிப்பறை நாள். அன்று முதலாளிக்கு நேரடியாக வாழ்த்து அனுப்பிய ஒரே ஊழியர் இவர்தான். அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை நம்புகிறார்.

இந்த இனத்துக்குக் கேட்கும் ஆள் தப்பியோட முடியாமல் இருந்தால் ரொம்ப விசேஷம். இவருக்கோ தொழிலே அப்படி அமைந்துவிட்டது. ஒரு முறை அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி. மெக்கானிக் மேலே மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கீழே கதவிடுக்கில் வாயை வைத்து ஆறுதல் சொல்லும் பொறுப்பு நம்மவருக்கு.

"பயப்படாதீங்கம்மா. இன்னைக்கு என்ன நாள் தெரியுமா? அக்டோபர் பதிமூணு. சுரங்கத்துல மாட்டிக்கிட்டவங்க அத்தனை பேரையும் உயிரோட மேல கொண்டுவந்து சேர்த்த நாள்."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "அப்படியா? எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்க?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

அதன்பிறகு உள்ளேயிருந்து வந்தது அழுகைச் சத்தம்.

அவருக்கு ஒரே மகள். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். தொழிலை அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று தோழிகளிடம் சொல்லுவாள். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அமைதியானவர், யார் எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்பவர். இந்தக் கடைசிக் குணம் அந்த வீட்டுக்கு எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

பதிவு அலுவலகத்தில் மூன்று தேதிகள் கொடுத்திருந்தார்கள். ஒன்றை முடிவு செய்வதற்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்தார்கள்: இவர், மகள், மாப்பிள்ளை, இவருடைய மனைவியின் தம்பி. தம்பி பஸ் ஓட்டுகிறவர். பேச்சிலும் பிரேக் கிடையாது.

"ஏப்ரல் பதினஞ்சு," என்றாள் மகள்.

"அது கப்பல் மூழ்கின நாளாச்சேம்மா."

"நாங்க கப்பல்ல போகலைப்பா. ரெண்டாவது மாடியில இருக்கற பதிவு ஆபீசுக்குப் போறோம்."

"இருந்தாலும் ஆயிரத்தஞ்சூறு பேரு..."

"சரி, விடுங்க. மே ஆறு."

"வானக்கப்பல் தீப்பிடிச்சு விழுந்த நாள்."

"வானக்கப்பல்னா என்ன மாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. பஸ் ஓட்டுகிற தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். நம்மவர் ஹைட்ரஜன் நிரப்பியதில் தொடங்கி, கயிறு இறக்கியதைச் சொல்லி, தீப்பிடித்ததை அடைவதற்குள் மேஜை மேலிருந்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

"மாப்பிள்ளை, இந்த வீட்டுக்கு வரப்போறீங்க. முதல்ல ஒண்ணு கத்துக்கங்க," என்றார் தம்பி. "அத்தானைக் கேள்வி மட்டும் கேட்டுடக் கூடாது. ஏன் அத்தான், நான் தெரியாமத்தான் கேக்கறேன், எதுவுமே நடக்காத நாள்னு ஒண்ணு கிடையாதா? இருந்தா சொல்லுங்க, அன்னைக்கு வச்சுக்கலாம்."

கேலி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி உண்மையாகவே யோசித்தார். ஜனவரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நாளாகத் தட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. எந்த நாளும் காலியாக இல்லை. எப்படி இருக்கும்? உலகம் தோன்றி இத்தனை காலம் ஆகிறது, தேதிகளோ வருடத்துக்கு ஒரு முறை திரும்பித் திரும்பி வருகிறவை. ஒவ்வொன்றிலும் நாலு பேர் இறந்து, நாலு பேர் பிறந்து, ஏதோ ஒன்று இடிந்து, ஏதோ ஒன்று திறந்துதான் இருக்கும்.

"மே இருபத்துநாலு," என்றாள் மகள்.

தம்பியின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. மகள் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே மலர்ந்தது.

"அருமையான நாள்! பெரிய தொங்குபாலம் திறந்த நாளாச்சே. வருஷக்கணக்கா கட்டினாங்க. நடுவுல இன்ஜினீயர் படுத்த படுக்கையாயிட்டாரு. அவரு பொண்டாட்டிதான் தினமும் போய் நின்னு..." அந்த இடத்தில் வண்டி கொஞ்சம் குலுங்கியது. "ஊருக்கு ஊர் அந்தப் பேர்பெத்த தந்தி போனதும் அதே தேதிதான்."

"அப்புறம்?" என்றாள் மகள்.

"சூரியன்தான் நடுவுல இருக்குன்னு சொன்னாரே, அவரு இறந்த நாளும் அதுதான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதானா?"

இந்த இனத்தாரின் ஞாபகசக்தியை நாம் மெச்சிக்கொள்கிறோம். தப்பு. அவர்களுக்குத் திறமை வேறு. வருடத்தின் மற்ற நாட்களில் இவர் ஒரு செய்தி அனுப்புவார்; மே இருபத்துநாலில் மட்டும் காலையிலிருந்து இரவு வரை அனுப்பிக்கொண்டே இருப்பார். பாலம், தந்தி, பாலத்தின் நீளம், தந்தியின் வாசகம், ஆமைகளைக் காப்பாற்றும் நாள் நேற்றே முடிந்துவிட்டது என்கிற வருத்தம். ஒருவரை யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டுமென்றால் கூட்டத்துக்கு நடுவே நிறுத்துவதுதானே வசதி?

"ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய வந்து சொன்னாரே," என்றாள் மகள் தணிந்த குரலில். "அப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். "பாலம்."

"'இன்னைக்குத்தான் டாக்டர் அந்தப் பாலத்தைத் திறந்தாங்க'ன்னீங்க. அந்த ஆளு பாவம், 'அப்படிங்களா'ன்னு கேட்டுட்டு நின்னாரு."

தம்பி தொண்டையைச் செருமினார்.

"அக்கா காதுல மட்டும் அது விழுந்திருந்துதுன்னா எழுந்து உக்காந்திருக்கும் அத்தான். 'அந்த டாக்டரையாவது விடுங்களேன்'னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்திருக்கும்."

முதலில் சிரித்தது மகள். பிறகு தம்பி. மாப்பிள்ளை சிரிக்கலாமா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்மவரும் சிரித்தார், சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த வழி தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளை துடைத்துக்கொண்டிருந்த துணியையே வாங்கி முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அந்த நாளை நீங்க பாலத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டீங்கப்பா," என்றாள் மகள். "நானும் ஒண்ணும் ஒழுங்கில்லை. வருஷா வருஷம் அன்னைக்கு டியூட்டி கேட்டு வாங்கிக்கிட்டு ஓடிடறேன். இந்த வருஷம் ஓடறதா இல்லை. அன்னைக்கு அங்க எல்லார் முன்னாலயும் நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். பாலம் வரக்கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மே ஆறே வச்சுக்கலாம்."

"தந்தி?"

"தந்தியும் கூடாது. எங்க, இப்ப சொல்லுங்க பார்க்கலாம். மே இருபத்துநாலு என்ன நாள்?"

இரும்புக் கதவைத் தாண்டிப் பேசிப் பழகிய வாய். திறந்தது, மூடியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகிற வரை காத்திருந்தார்.

"உங்க அம்மா செத்துப்போன நாள்," என்றார்.

"ம்."

"எனக்கு அவங்களைப் பார்க்கக் கொடுத்துவைக்கலை மாமா," என்றார் மாப்பிள்ளை. "எப்படி இருப்பாங்க?"

கேள்வி கேட்கக் கூடாது என்று பாடம் சொன்ன தம்பியே இந்த முறை பேசாமல் இருந்தார். அன்று மாலை வரை நம்மவர் மனைவியைப் பற்றிப் பேசினார். அவள் சாவியை எங்கே வைப்பாள், எதற்குக் கோபித்துக்கொள்வாள், பாதித் தூக்கத்தில் என்ன உளறுவாள். ஒரு தேதி வரவில்லை.

மே இருபத்துநாலு அன்று பதிவு அலுவலகத்து மாடியில் அவர் மனைவியைப் பற்றித்தான் ஆரம்பித்தார். பாலம் வரவில்லை, தந்தி வரவில்லை. சூரியன் நடுவில் இருக்கிறது என்றவர் மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார். மகள் முறைத்தாள். அந்தப் பெரியவரை யாரும் தடை செய்யவில்லையே என்று அவர் கையை விரித்தார்.

அது இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்த நீங்கள், அது எந்தப் பாலம், எந்த வருடம், தேதி சரிதானா என்று பார்க்க நடுவில் செல்பேசியை எடுத்தீர்களா? எடுத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும். எந்தத் தேதியை மட்டும் தேடிப் பார்க்காமல் தாண்டிப் போகிறீர்கள் என்று நான் உங்களைக் கேட்கப்போவதில்லை. நீங்களும் என்னைக் கேட்காதீர்கள்.