எல்லை தாண்டிய வலி

மனிதனுக்கு வயிறு ஒன்றுதான் என்பது பழைய மருத்துவத்தின் அறியாமை. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் புதிதாய்த் திறந்த உன்னத வயிற்று நல மையம் அதை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி, ஒரு நிபுணர், ஒரு கருவி, ஒரு மீன் தொட்டி என்று ஒதுக்கியிருந்தது.

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்து வயிற்றைக் காட்டிவிட்டுப் போகும்போது, சுங்கை பினாங்கில் குடியிருந்துகொண்டு காட்டாமலிருப்பது ஊருக்கே அவமரியாதை என்பது குமுதாவின் கட்சி. ஆகவே, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவள் கணவர் குணாளனுக்கு ஒரு நாள் காலை தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடித்தபோது, பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

"பெரியாஸ்பத்திரிக்கே போயிரலாம்லா," என்று முனகினார் அவர்.

"கம்பெனி மெடிக்கல் கார்டு குடுத்திருக்கு. அதை வெச்சிக்கிட்டு கவர்மெண்டு பெஞ்சில உக்காந்தா, மேல்வீட்டு இராயப்பன் அண்ணே என்ன நினைப்பாரு?"

இராயப்பன் தம் குடலுக்குள் கேமரா விட்டு எடுத்த படத்தை ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் போட்டவர். பலர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் 'வாழ்க வளமுடன்' என்றும் எழுதியிருந்தார்.

மையத்தின் முகப்பில் இருந்த அஃப்ரீன் என்ற பெண் கண்ணாடிப் பலகையில் வயிற்றின் வரைபடத்தைக் காட்டினாள். "எங்கண்ணே வலி?"

"தொப்புள்ல."

"நடு மண்டலம். அஞ்சாவது மாடி." மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஏறியது.

முறை வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. நாபி நிபுணர் டாக்டர் ஷேன் குணாளனைப் பார்க்கவில்லை. ஸ்கேன் திரையைப் பார்த்தார். பார்த்து நெகிழ்ந்தார்.

"அற்புதம். இவ்வளவு தெளிவான நாபிய நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"வலிக்குதே டாக்டர்."

"எங்க?"

"இப்ப வலது பக்கம், கீழ இறங்கிருச்சு."

பாஸ்போர்ட் இல்லாதவனைப் பார்க்கும் குடிநுழைவு அதிகாரியைப் போல டாக்டரின் முகம் இறுகியது. "அது என் மண்டலம் இல்ல."

"கொஞ்சம் தொட்டாச்சும் பாருங்க."

டாக்டர் தம் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "கைக்கு ரிப்போர்ட் வராதுங்க. ரிப்போர்ட் இல்லாத வலிய கார்டு ஏத்துக்காது."

குணாளன் குனிந்தபடியே முகப்புக்குத் திரும்பினார். அஃப்ரீன் கணினியைத் தட்டினாள்.

"சிஸ்டத்துல உங்க வலி இன்னும் அஞ்சாவது மாடியிலதான் இருக்கு. அங்க டிஸ்சார்ஜ் ஆனாத்தான் ரெண்டாவது மாடியில சேர்க்க முடியும்."

"அது இறங்கிருச்சு தங்கச்சி!"

"தானா இறங்கினா நாங்க பொறுப்பில்லலா." பிறகு அவளுக்கே இரக்கம் பிறந்தது. "அண்ணே, கொஞ்ச நேரம் மட்டும் வலிய தொப்புளுக்கே கூப்பிட்டுப் பாருங்களேன். டாக்டர் பார்த்து முறைப்படி டிஸ்சார்ஜ் எழுதிருவாரு."

குணாளன் உண்மையாகவே முயன்றார். வலி வரவில்லை, வாந்தி வந்தது. வாந்திக்கு எல்லைத் தகராறு இல்லையாதலால் உடனே அனுமதி கிடைத்தது: மண்டலங்களுக்கிடையேயான காத்திருப்பு அறை, கடல் தெரியும் ஜன்னல். குமுதா படம் எடுத்து அனுப்பினாள். 'ரோபோ ஆபரேஷனா?' என்று கேட்டார் இராயப்பன்.

மறுநாள் காலை வலி பட்டென்று நின்றது.

மையமே விழாக்கோலம் பூண்டது. இது நாபிப் பிரிவின் வெற்றி என்றார் டாக்டர் ஷேன். நோயாளியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் குணப்படுத்தியது தாங்களே என்று இரண்டாவது மாடி மறுப்பு வெளியிட்டது. எத்தனை நட்சத்திரம் என்று அஃப்ரீன் கேட்க, குணாளன் ஐந்தையும் அழுத்தினார்.

கார் நிறுத்துமிடத்தில் சுருண்டு விழுந்தார். வயிறு பலகையாய் இறுகிக் கிடந்தது. அஃப்ரீன் ஓடி வந்தாள்.

"இப்ப எங்கண்ணே?"

"எல்லா இடத்துலயும்…"

"முழு வயிறா?" அவள் மையத்தின் மாடிகளைத் திரும்பிப் பார்த்தாள். "முழு வயித்துக்கு எங்ககிட்ட பிரிவே இல்லையேண்ணே!"

பெரியாஸ்பத்திரியில், தூக்கம் வழியும் கண்களோடு ஃபிக்ரி என்ற இளம் டாக்டர் அவர் வயிற்றில் கையை வைத்து அழுத்தி, சட்டென்று எடுத்தார். குணாளன் போட்ட கூச்சலில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"குடல்வால் வெடிச்சிருச்சு. ஏன் நேத்தே வரல?" என்று மலாயில் கேட்டார் டாக்டர்.

"நேத்து அது வேற மாடியில இருந்துச்சு டாக்டர்," என்றாள் குமுதா.

சீழ் பரவிவிட்டதால் துளை போட்டுச் சமாளிக்க முடியவில்லை. வயிற்றை நீளமாய்த் திறந்து, கழுவி, தைத்தார்கள். உயிர் பிழைத்தது.

வீடு திரும்பியதும், மைலோ பான டின்னும் கையுமாக இராயப்பன் வந்தார்.

"எங்க, காட்டுங்க தம்பி. மூணு ஓட்டைதானே?"

கைலியை மார்புவரை இழுத்துக்கொண்டார் குணாளன். இந்தக் காலத்தில் முழு நீளத் தழும்பை யாரிடம் காட்டுவது?

"ரோபோதாண்ணே," என்று முந்திக்கொண்டாள் குமுதா. "உன்னத மையத்துல. அப்படிக் கவனிச்சாங்க."

இராயப்பன் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை கேட்டேன்! என் தங்கச்சி அமலம்மாள் நேத்திலேருந்து வயித்தப் பிடிச்சிக்கிட்டுத் துடிக்கிறா. பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போறேன்னு அவ வீட்டுக்காரரு காரோட கீழ நிக்கிறாரு. அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க தம்பி, எங்க போகலாம்?"

குணாளன் வாயைத் திறந்தார். தையல் சுரீரென்றது. குமுதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மையத்துக்கே போங்கண்ணே," என்றார். "இப்பவே கிளம்புங்க. கூட்டம் சேந்துரும்."