இரட்டைத்தடி அண்ணையின் பத்தாவது ஓட்டம்

ஜேர்மனிக்கு வந்த தமிழர் அத்தனை பேரும் பனியைத் திட்டியிருக்கிறோம். பனி வரவில்லையே என்று வானத்தைத் திட்டிய ஒரே தமிழர் எங்கள் இரட்டைத்தடி அண்ணைதான். நவம்பர் பிறந்தால் போதும், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி பல்கனியில் நின்று கையை வெளியே நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையில் மழைத்துளி விழும். "சீ! உதுவும் ஒரு குளிர்நாடோ!" என்று கதவை அடித்துச் சாத்துவார். நான்காம் மாடியில் என் மேசைமேல் பேனை துள்ளி விழும்.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கடிதப் பெட்டியில் ஒட்டியும் இருந்தது. எசன் நகரத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓட்டக்காரர். இரண்டு கையிலும் இரண்டு தடி, ஆகவே இரட்டைத்தடி. மலையுச்சியிலிருந்து சர்ரென்று வழுக்கி இறங்குகிற விளையாட்டல்ல இது. ஒடுங்கிய பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, காடும் மேடும் பள்ளமுமாக முப்பது கிலோமீற்றர் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போகவேண்டும். இறக்கத்தில் கிடைக்கும் சுகத்துக்கு ஏற்றத்தில் வட்டியோடு அழவேண்டும்.

நாற்பத்தாறு வயதுவரை பனியில் அவர் செய்த ஒரே சாகசம், வழுக்கி விழுந்து பஸ்ஸைத் தவறவிட்டதுதான். அவர் வேலை செய்தது ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்து மினுக்கும் பெரிய சலவை ஆலையில். ஒரு தை மாதம் ஆலைக்காரர் எல்லாரையும் சவர்லாண்ட் மலைப்பக்கம் சுற்றுலா கூட்டிப்போனார்கள். யாரோ அவர் காலில் பலகையைப் பூட்டிவிட்டார்கள். மற்றவர்கள் விழுந்தார்கள், சிரித்தார்கள், சூப் குடிக்கப் போனார்கள். இவர் விழுந்தார், எழும்பினார், போனார். போய்க்கொண்டே இருந்தார். பஸ் ஒன்றரை மணித்தியாலம் காத்து நின்றது. அடுத்த கிராமத்தில் அவரைப் பிடித்தபோது சொன்னாராம்:

"நடக்கிற மாதிரியும் இருக்கு, நடக்காத மாதிரியும் இருக்கு. நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

அதற்குப் பிறகு அவர் சும்மா நின்றதை யாரும் காணவில்லை. கலியாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் பின்வரிசையில் நின்று, பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றிக் கைகளை வீசுவார். மாநகர அலுவலகத்தில் தெர்மின் என்கிற சந்திப்பு நேரத்துக்குக் காத்திருந்தபோது இப்படி ஆடியதைக் கண்ட அலுவலர், மிகுந்த இரக்கத்தோடு, கழிப்பறை இடப்பக்கம் என்று கை காட்டினாராம். நானும் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மூன்று தரம் ஜன்னலுக்குப் போய்வருகிற ஆள். அவரை எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எசனில் பனி விழுந்தால் காலையில் வந்து மத்தியானம் விடைபெற்றுவிடும். ஆகவே வருடத்தின் பத்து மாதமும் சில்லுப் பூட்டிய சறுக்குப் பலகையில் பயிற்சி. பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்களே, அதில் டக், டக், டக் என்று தடி ஊன்றிக்கொண்டு போவார். நாய்கள் குரைக்கும். தமிழ்க் கடைக்கும் அப்படியேதான் போவார். முதுகுப்பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, கையில் தடி விரைய, தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பூச்சி வருவதுபோல் இருக்கும். ஒருநாள் பொலிஸ்காரர் மறித்து, நீங்கள் வாகனமா, பாதசாரியா என்று கேட்டார்.

"அதைப் பனி விழுந்தால்தான் சொல்ல ஏலும்" என்றார் அண்ணை. பொலிஸ்காரர் புத்தகத்தை மூடிவிட்டார்.

மெழுகு விவகாரத்தையும் சொல்லவேண்டும். சறுக்குப் பலகையின் அடியில் மெழுகை உருக்கித் தேய்த்தால்தான் அது ஓடும். ஒவ்வொரு அளவு குளிருக்கும் ஒவ்வொரு நிற மெழுகு. அதற்கென்று தனி மின்னழுத்தி விற்கிறார்கள். "நான் இருபது வருசமா அயன் பண்ணுறவன், எனக்கு என்னத்துக்குத் தனியா ஒண்டு?" என்று வீட்டிலிருந்ததையே எடுத்துத் தேய்த்தார். மறுநாள் காலை, அவர் மனைவி பவானி அக்கா சகோதரி மகளின் கலியாணத்துக்குக் கட்டவென்று தன் கூறைச் சேலையை எடுத்து அதே அழுத்தியால் மினுக்கினார். சிவப்புப் பட்டின் நடுவே ஒரு சாண் அகலத்தில் நீல மெழுகு.

"இஞ்சாருங்கோ, என்ன இது?"

அண்ணை குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, கடமை உணர்வோடு சொன்னார்: "இது மைனஸ் ஆறுக்கும் பத்துக்கும் இடையிலை நல்லா ஓடும்."

அந்தக் கலியாணத்துக்கு அக்கா தனியாகப் போனார்.

இத்தனை பாடும் வருடத்தில் ஒரேயொரு ஓட்டத்துக்காக. முப்பது கிலோமீற்றர், யாரும் பதிவு செய்யலாம். ஆனால் இருபதாவது கிலோமீற்றரில் ஒரு கயிறு இருக்கும். சரியாக ஒரு மணிக்கு அதைக் குறுக்கே கட்டிவிடுவார்கள். பிந்தி வருபவரைக் கம்பளி போர்த்திப் பனி ஸ்கூட்டரில் ஏற்றி இறக்கிவிடுவார்கள். ஒன்பது முறை ஓடினார் அண்ணை. ஒன்பது முறையும் கயிறு. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் அவரைக் கண்டதும் கம்பளியை விரிக்கத் தொடங்கிவிடுவார்.

அதுகூட அவருக்கு நோகவில்லை. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு ஜேர்மன் சொல் வரும்: கைவிட்டார். அதுதான் நொந்தது.

"நான் எங்கை தம்பி கைவிட்டனான்? அவங்களெல்லோ கயிறு கட்டினவங்கள்! ஒருக்கா, ஒரேயொருக்கா அந்தச் சொல்லு இல்லாமல் என்ரை பேரைப் பாக்கவேணும்."

போன வருடம் முழங்கால் வீங்கியது. குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, வருகிற சித்திரையில் சத்திரசிகிச்சை, அதன்பிறகு பலகையைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த மாசி மாத ஓட்டம் பத்தாவது. கடைசியும்.

ஒன்பதாவது ஓட்டத்துக்குக் கார் ஓட்டிப்போனவன் நான். பன்னிரண்டாவது கிலோமீற்றரில் மரத்தோடு ஒண்டி நின்றபோதுதான் அவருடைய தோல்வியின் ரகசியம் தெரிந்தது. காட்டுக்குள் பனியில் தண்டவாளம்போல ஒரே தடம். பின்னால் வேகமாக வருபவர் "ஸ்பூர்!" என்று குரல் கொடுத்தால் முன்னால் போகிறவர் விலகி வழி விடவேண்டும், அது அந்த விளையாட்டின் வழக்கம். எங்கள் அண்ணையோ யாரும் கேட்காமலே விலகினார். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டால் விலகினார். ஐம்பது மீற்றருக்கு அப்பால் நரைத்த தலை தெரிந்தால் விலகி, இளம்பனியில் முழங்கால் புதைய நின்று, "வாங்கோ, வாங்கோ" என்று தமிழில் கைகாட்டினார். திரும்பத் தடத்துக்குள் கால் வைக்குமுன் அடுத்த நரைத்த தலை வந்துவிடும்.

"அண்ணை, அவை கேக்கவே இல்லையே! ஏன் விலகிறியள்?"

"வயசான மனுசர் வாயால கேக்கும் வரைக்கும் நிக்கிறதே? நல்ல கதை!"

அக்காவிடம் சொன்னேன். அக்கா இடுப்பில் கைவைத்தார். "வீட்டிலை கட்டிலிலை கொஞ்சம் தள்ளிப் படுங்கோ எண்டால் இருபத்தெட்டு வருசமாக் கேளாத மனுசன்! காட்டிலை ஆருக்கோ வழி விடுகுதாம்!"

இந்த மாசியில், ஓட்டம் தொடங்குமுன், அக்கா அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். ஒருத்தருக்கும் விலகக்கூடாது. அண்ணை என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"சரி. விலகன்."

நானும் அக்காவும் கயிற்றடியில் நின்றோம். கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் அதிகாரி ஒரு கையில் மணிக்கூட்டையும் மறுகையில் கயிற்றையும் பிடித்திருந்தார். ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் ஏற்றத்தின் அடியில் அண்ணை தெரிந்தார். பத்து ஓட்டத்தில் முதன்முறையாக, நேரத்தோடு! அவர் முதுகை ஒட்டினாற்போல் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைத்தாடிக்காரர்.

"ஸ்பூர்!" என்று கத்தினார் தாடிக்காரர்.

அண்ணை திரும்பவில்லை. விலகவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடி ஊன்றலுக்கும் ஒவ்வொரு மன்னிப்பு, ஜேர்மனில், பெலத்த குரலில்: "என்ட்ஷுல்டிகுங்! என்ட்ஷுல்டிகுங்!" ஏற்றம் முழுவதும் ஒரு குரல் வழி கேட்டது, மறுகுரல் மன்னிப்புக் கேட்டது, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. வெட்கத்தில் அண்ணையின் முகம் கன்றிப்போயிருந்தது.

கயிற்றடியைத் தாண்டினார். அக்கா துள்ளினார். அவருக்குப் பின்னால் கயிறு குறுக்கே விழுந்தது. தாடிக்காரர் நெஞ்சில் கயிறு முட்ட நின்றார், இருமினார். ஒரு மணி என்றால் ஒரு மணிதான், என்றார் அதிகாரி.

முன்னால் பத்துக் கிலோமீற்றர் வெறும் தடம். போயிருக்கலாம். அண்ணை நின்றார். நிற்கத் தெரியாத மனிதர் நின்றார்.

"போங்கோ! பாக்காதேங்கோ, போங்கோ!" என்று அக்கா கத்தினார்.

அவர் திரும்பி, கயிற்றுக்குக் கீழே குனிந்து இப்பால் வந்தார். தடிகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதிகாரியிடம், சலவை ஆலையில் கற்ற ஜேர்மனில், வாக்குமூலம் கொடுத்தார்: இவர் என்னிடம் ஒரு கிலோமீற்றராக வழி கேட்டார். நான் கேட்டும் கேளாததுபோல் வந்தேன். பிந்தியது அவர் பிழையல்ல, என் பிழை. அவரை விடுங்கள்.

உண்மையா என்று அதிகாரி தாடிக்காரரைக் கேட்டார். அவருக்குப் பேச மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதிகாரி அண்ணையின் நெஞ்சிலிருந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். கயிற்றைத் தூக்கினார். தாடிக்காரர் போனார். அண்ணையின் முன்னால் கயிறு இறங்கியது.

"அவள் கேக்கவே இல்லையே! நீங்களாய் ஏன் சொன்னனீங்கள்?" அக்கா அவர் கையைப் பிடித்து உலுக்கினார்.

"அந்தாள் வழி முழுக்க இருமிக்கொண்டு வந்தவர், பவானி. அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது."

திரும்பும் வழியில் காரை நான் ஓட்டினேன். பின்னிருக்கையில் அண்ணை, முழங்காலுக்குக் கீழே தலையணை. எனக்குப் பக்கத்தில் அக்கா தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"முடிவு வந்திட்டுது."

"வாசி."

"அடியிலை கிடக்கு உங்கடை பேர். வழி மறித்ததால் நீக்கப்பட்டார் எண்டு."

அண்ணை முன்னால் சாய்ந்தார். "மற்றச் சொல்லு?"

"இல்லை."

"வடிவாப் பார்."

"இல்லையப்பா. கைவிட்டார் எண்டு இல்லை."

பின்னிருக்கை குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழி மறிச்சனாம்! விளங்குதே தம்பி? என்னைத் தாண்டிப் போக ஒரு ஜேர்மன்காரனுக்கு ஏலாமல் இருந்திருக்கு!"

அக்கா முதலில் பல்லைக் கடித்தார். பிறகு அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அடுத்த முறை கண்ணாடியில் பார்த்தபோது அண்ணை தூங்கிவிட்டார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. எசனுக்குத் திரும்பும் வழிகாட்டிப் பலகை வந்தது. அக்கா அதைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். நான் திருப்பவில்லை. தூங்கட்டும் என்று இன்னும் கொஞ்சத் தூரம் நேரே ஓட்டினேன்.