பெரியவளுக்கு டிரம், சின்னவளுக்குக் கேன்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பல்கூட விளக்காமல் கிடங்குக் கதவைத் திறந்து மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தது. ஒரு வாசனையும் இல்லை. ஆகவே இங்கே எல்லோரும் நலம் என்று துணிந்து எழுதுகிறேன். உன் முட்டிவலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று நடந்ததை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நீச்சல் குளங்களுக்கு மருந்து சப்ளை செய்யும் எங்கள் கிடங்கில் சுவருக்கு இந்தப் பக்கம் குளோரின் பவுடர் டிரம்கள், அந்தப் பக்கம் ஆசிட் கேன்கள். இரண்டும் கலந்தால் விஷப்புகை. இந்த மாதிரிச் சரக்கை ஓர் அளவுக்கு மேல் வைத்திருப்பவர்கள் எது, எவ்வளவு, எந்த மூலையில் என்று தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போன வாரம் உத்தரவு வந்தது. நான் பேனாவை எடுத்தேன். இவர் பிடுங்கிக்கொண்டார். "எழுதிக் குடுத்தா நாளைக்கே வந்து அது சரியில்ல, இது சரியில்லம்பாங்க. ஒரே எடத்துல இருந்தாத்தானே அந்த அளவு வரும்? பிரிச்சு வெச்சுட்டா?" என்றார், ஏதோ புதுக் கண்டம் கண்டுபிடித்தவர் மாதிரி. டிரம்களைப் பெரிய நாத்தனார் வீட்டுக்கும் கேன்களைச் சின்ன நாத்தனார் வீட்டுக்கும் அனுப்பினார். அதுவரைக்குமாவது பாதகமில்லை. மறுநாளே சின்னவள் போன் செய்தாள். "அண்ணி, அவளுக்கு மட்டும் மூடி போட்ட டிரம்மு, எனக்கு வெறும் கேனா? காலியானா அவ தண்ணி புடிச்சு வெச்சுக்குவா, நான் என்ன பண்றது? அண்ணனுக்கு எப்பவும் அவதான் ஒசத்தி!" போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, "சமாதானம் பண்ணிட்டேன்" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. நேற்றுத்தான் தெரிந்தது: தங்கைகளுக்குள் பாகுபாடு கூடாது என்று இரண்டு வீட்டிலும் பாதி டிரம், பாதி கேன், பக்கத்தில் பக்கத்தில்!

சின்னவள் டிரம்மின் மேல் துணி விரித்து டிவி வைத்திருந்தாளாம். அக்காளுக்கு வந்த அதே பவுடர்தானா என்ற சந்தேகத்தில் நேற்று மூடியைத் திறந்தவள், கேனையும் இடித்துத் தள்ளிவிட்டாள். குப்பென்று புகை. டிவியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார். சேதி கேட்டு ஓடி நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, தீயணைப்புக்காரர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்கிறார். அண்ணன் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "பழைய துணிங்க" என்கிறாள் சின்னவள். அதை நம்பி, மூச்சுக் கவசம்கூடப் போடாமல் அவர் உள்ளே நுழைந்துவிட்டார். "குளோரின்! போகாதீங்க!" என்று நான் கத்தியது வாசலோடு நின்றது. இருமிக்கொண்டே வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். கண்ணில் தாரை தாரையாக நீர். "பழைய துணி இப்படியாம்மா நாறும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவரை மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனேன். அவர் மனைவி, நான் யாரென்று தெரியாமலே, "ஒக்காருங்க" என்று டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, யாரென்று சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

இவரோ, அது துணி வெளுக்க வைத்திருந்த பவுடர் என்று அதிகாரிகளிடம் சாதித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் கிடங்குக்குத் திருப்பிவிட்டார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? விடு, இனிமே இந்தப் பேச்சே வேணாம்" என்றார். நானும் தலையாட்டினேன். குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துத்தானே போக வேண்டும்? ஆகவே நீ கவலைப்படாதே. அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: தலையாட்டியது சும்மா. இவர் குளிக்கப் போன நேரத்தில் தீயணைப்பு நிலையத்துக்கான அந்தப் படிவத்தில் டிரம், கேன், சுவர், நேற்றைய புகை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிட்டேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர், என் நம்பர். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த மாதிரி இருக்கிறது அக்கா. நாளைக் காலை நானே நிலையத்துக்குப் போய் அந்த மீசைக்காரர் கையில் கொடுக்கப் போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.