இருபத்தேழாம் எண் விளக்கு

இருபத்தேழாம் எண் விளக்கு எதற்கு என்பது பதிவெழுத்தருக்குப் பிடிபடவில்லை. ஊதா நிறச் சுருள், பதினைந்து வாட். "எதுக்குன்னு எனக்கே தெரியல சார், எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் கைகழுவிய சி.எஃப்.எல். பல்பு.

மூன்று வருடமாக அவருடைய முறை ஒன்றுதான். நிறப் பல்பை வாசலில் மாட்டுவார். யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். பயனை நோட்டில் எழுதுவார்.

ஊதாவை மாட்டிய அன்று மாலையே எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

"சார், உங்க வெளிச்சத்துல என் பல்லு மட்டும் தனியா மினுங்குதாமே!"

'பல் பரிசோதனைக்கு' என்று எழுதிக்கொண்டார். அதற்குள் செய்தி பரவிவிட்டது.

"தெருவே நம்ம வாசல்ல வந்து இளிச்சுக்கிட்டு நிக்குது," என்றாள் மனைவி. "நல்லாவா இருக்கு?"

ஊதாவைக் கழற்றிப் பச்சையை மாட்டினார். மருந்துச் சீட்டோடு ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

"மாத்திரை இல்லையா? அப்புறம் எதுக்குங்க பச்சை லைட்டு?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

பச்சையை எடுத்துச் சிவப்பைப் போட்டார். பத்தே நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தது.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "இன்னொரு தடவை இந்த வாசல்ல கூட்டம் சேந்துச்சுன்னா, வீட்டைக் காலி பண்ணிடுங்க. அவ்வளவுதான்."

"பன்னெண்டு வருஷமா இருக்கிற வீடுங்க," என்றாள் மனைவி. அந்த ஒரு வரிதான் அவரை அறுத்தது.

மறுநாள் மாலை, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடுபவரின் முகத்தோடு நாற்காலியில் ஏறினார். சமையலறையின் வெள்ளை பல்பைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினார். நோட்டை மூடிப் பரணில் வைத்தார்.

அரை மணி நேரம் ஒருவரும் வரவில்லை. பூச்சிகூட வரவில்லை. வீடு தப்பியது என்று பெருமூச்சு விட்டார்.

கேட் மெல்லத் திறந்தது.

கதவைத் திறந்தால், தெருவே திரண்டு நின்றது. ஒரு சத்தமில்லை. தீயணைப்புக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முன்வரிசையில், மலர்வளையத்தோடு வீட்டுக்காரர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பதிவெழுத்தரின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்குங்க சார். மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் இங்க சாதா லைட்டு எரியுது, பாத்ததுமே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. வீட்டம்மாவை எப்ப எடுக்கிறீங்க?"