எல்லார் ஞாபகத்துக்கும் ஒரே சொந்தக்காரர்

பதினேழு. இந்த எண்ணை மனசில் வையுங்கள்.

கடலூர் துறைமுகத்துப் பக்கம் கிடங்குத் தெரு காலனி என்று ஒன்று இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களின் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு பண்ண சமீப காலம்வரை பதினேழு பேர் வந்து போயிருக்கிறார்கள். காலேஜ்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், யூடியூப்காரர்கள், தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர். காலனியில் இருநூறு வீடு. பதினேழு பதிவிலும் பேசுகிற வாய் ஒன்றுதான்.

அந்த வாய்க்காரரின் இனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'இரு, நான் சொல்றேன்' இனம். அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லாவிட்டால் இவர்களுக்குச் சோறு செரிக்காது. கெட்டவர்களா? இல்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிடலாம். இவர்கள் உதவி பண்ணுகிறவர்கள். உதவி பண்ணுகிறவரை என்ன பண்ணுவது?

கிடங்குத் தெருவில் இந்த இனத்தின் தலைமகன் சின்னையன். வயது எழுபத்திரண்டு. பதிவுக்கென்றே ஒரு சந்தன நிறச் சட்டை வைத்திருக்கிறார். வெளியாள் யார் வந்தாலும் முதலில் படிப்பகத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்பது காலனி வழக்கம். படிப்பகத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு என்பதும், அதில் யார் உட்காருவார் என்பதும் அந்த வழக்கத்திலேயே அடக்கம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. மற்றவர்கள் சுவரோரம் நின்று "ஆமாம்" சொல்லலாம். அதற்குத் தடையில்லை.

"சுருக்கமா சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். கப்பலில் வந்த மூட்டையைத் தோளில் சுமந்து கிடங்கில் அடுக்கிய ஆட்கள், அந்த ஆட்களுக்கு விடிகாலையில் ஆப்பம் சுட்டுப்போட்ட பெண்கள், மாதா கோயில் தேருக்கும் மாரியம்மன் தேருக்கும் ஒரே பேண்டு செட்டாகப் போய் வாசித்த பையன்கள், மண்ணெண்ணெய் விளக்கில் நடந்த இரவுப் பள்ளி, மேலத்தெருப் பையன்களைப் பந்தாட்டத்தில் ஜெயித்துவிட்டு அடிவாங்காமல் வீடு திரும்ப எடுத்த ஓட்டம் என்று எல்லாமே வரும்; எல்லாம் நிஜம்; எல்லாவற்றிலும் நடுவில் சின்னையன் இருப்பார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்ததிலும் இருப்பார்.

பதினெட்டாவதாக வந்தவள் அனுப்பிரியா. சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கிற பெண். காலனி மக்களின் பேச்சை அப்படியே புத்தகமாகப் போடப்போகிறாள். நாலு நாளாக வருகிறாள். நாலு நாளும் சின்னையன்தான் பேசினார். அன்று ஐந்தாம் நாள், கடைசி நாள்.

அது இருசம்மாளுக்கும் தெரியும். அவள் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள், அறுபத்தாறு வயது. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, பிற்பகல் மூன்று மணிக்கே வந்து சுவரோரம் நின்றுவிட்டாள். அவளுக்குப் பெரிய கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பெயர். ஏழு பெயரை அனுப்பிரியாவின் பதிவு மிஷினில் சொல்லிவிட வேண்டும். பதினேழு பதிவிலும் இல்லாத பெயர்கள். இன்றைக்கும் ஏறாவிட்டால் இனி ஏறப்போவதில்லை.

விஷயம் இதுதான். ஊருக்குள் வந்த குடிதண்ணீர்க் குழாய் மேலத்தெருவோடு நின்றுபோயிருந்தது. ஏன் அங்கேயே நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். காலனிப் பெண்கள் மேலத்தெருக் குழாயடியில், அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை தள்ளி நிற்க வேண்டும். எண்பத்தொன்றாம் வருஷம் ஏழு பெண்கள் குடத்தோடு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் ஜெயில். அப்புறம் காலனிக்குக் குழாய் வந்தது. இந்தக் கதையைச் சின்னையன் பதினேழு தடவை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் அது இப்படி இருக்கும்: "பொம்பளைங்கள நான்தான் கூட்டினு போய் குந்த வெச்சேன்."

சுவரோரம் நின்றவளை அனுப்பிரியா பார்த்துவிட்டாள். "அம்மா, உங்க பேரு?"

"இருசம்மா" என்றார் சின்னையன்.

"கல்யாணம் ஆகி எந்த வருஷம்மா இங்க வந்தீங்க?"

"எழுவத்தேழு" என்றார் சின்னையன். "வைகாசி மாசம். நான்தான் பந்தல் போட்டேன்."

"ஐயா, அவங்க சொல்லட்டுமே..."

"சொல்லட்டும் பாப்பா, யாரு வேணான்னது? ஏ இருசா, சொல்லு! அதாவது பாப்பா, அவ என்ன சொல்ல வரான்னா..."

இருசம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். இன்னொரு தடவை திறந்தாள். "ஆமாம்" என்றுதான் வந்தது. நாற்பது வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா?

மணி ஐந்தரை. அனுப்பிரியா பையை எடுத்தாள். "கடைசியா ஒரு நிமிஷம்" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் சின்னையன் எழுந்துவிட்டார்.

"சும்மா சத்தம் எடுக்கணும், அதான? எனக்குத் தெரியாதா? பதினேழு பாத்தவன் நான்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யாரும் பேசாம இருந்தா இந்த எடத்துக்குன்னு ஒரு சத்தம் இருக்கும். அத தனியா புடிப்பாங்க. பேச்ச வெட்டி ஒட்டறப்போ அடியில போடறதுக்கு. ஏ, ஃபேன நிறுத்து! எவ அங்க மிக்ஸி போடறது? எவனாச்சும் இருமினீங்க, தொலைச்சிருவேன்!"

அனுப்பிரியா பொத்தானை அழுத்தினாள். சின்னையன் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அமைதி. தூரத்தில் ஒரு படகு மோட்டார், காக்கா, குழாயில் குடம் நிறையும் சத்தம்.

இருசம்மாள் அவரைப் பார்த்தாள். சின்னையன் மாமா வாய்மூடி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அவர் பேசவில்லை என்றால் அவள் குறுக்கே பேசுகிறாள் என்று எவன் சொல்ல முடியும்?

"எம்பேரு இருசம்மா" என்றாள்.

சின்னையன் விரலை உதட்டிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். அவள் பார்வையை மிஷினுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"எண்பத்தொண்ணுல தண்ணிக்காக ரோட்டுல குந்துனது ஏழு பேரு. எங்கள யாரும் கூட்டினு போவல. சவரியம்மாதான் மொதல்ல குடத்த தூக்கினா. கைப்புள்ளக்காரி. புள்ளையோடதான் ஜெயிலுக்கு வந்தா. அப்புறம் அஞ்சலாட்சி. செங்கேணி. கன்னியம்மா. பச்சையம்மா. ரோசம்மா. கடைசி நானு, ரெண்டு குடம் எடுத்தாந்தேன், ஒண்ண போலீசு ஒதச்சி நசுக்கிட்டான்."

சின்னையன் துண்டை ஆட்டினார். கண்ணை உருட்டினார். பேச முடியுமா? ஒன்பதாவது பதிவில் இருமிய ஒருத்தனைப் படிப்பகத்தை விட்டே வெளியேற்றியவர் அவர். நிமிடம் ஒன்று முடிந்தது. அனுப்பிரியா பொத்தான் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை.

"ஏழுல ஆறு பேரு போய்ட்டாளுங்க. நான் ஒருத்திதான் இருக்கேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜெயிலில் குழந்தைக்குப் பாலுக்கு என்ன பண்ணினார்கள், வெளியே வந்த அன்றைக்கு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எல்லாம் சொன்னாள். ஏழு பெயரையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள், நிதானமாக. மிஷினுக்குக் காது மந்தமாக இருந்தாலும் இருக்கலாம் இல்லையா?

"சின்னையன் மாமா நல்ல மனுசன். ஆனா அன்னிக்கி ஊர்லயே இல்ல. செதம்பரத்துல அவுரு மச்சான் வூட்டு காதுகுத்துல பிரியாணி துன்னுட்டு, கொழாயில தண்ணி வந்த மறாநாளு வந்தாரு."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பொய்யி!" என்று கத்தினார் சின்னையன். "பிரியாணியே போடல! வெறும் சாம்பார் சோறு! பாப்பா, எழுதிக்கோ, சாம்பார் சோறு!"

படிப்பகமே அவரைப் பார்த்தது. "அப்போ செதம்பரத்துலதான் இருந்துருக்க, மாமா" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் மிஷினில் சத்தம் காட்டுகிற முள் ஓரத்துக்கே போயிருக்கும்.

எல்லாம் பதிவாகிவிட்டது. ஏழு பெயரும். சாம்பாரும்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போன வாரம் டாக்டர் உங்கள் வீட்டம்மாவைப் பார்த்து "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டாரே, "முட்டி டாக்டர், ஏறி எறங்க முடியல" என்று பதில் சொன்னது யார்? அடுத்த தடவை பக்கத்திலிருப்பவரிடம் யாராவது கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். சின்னையனையாவது முந்தப் பாருங்கள். அவர் தாக்குப்பிடித்தது நாலு நிமிடம் இருபது விநாடி.