கழிவறைக் காலண்டரும் நாலு நட்சத்திரமும்

ஸ்வோலெ,
மார்ச் 14, வெள்ளி

பாசத்துக்குரிய அக்கா அல்பெர்டாவுக்கு, தம்பி ரெய்ண்டர் எழுதுவது. இங்கு நானும் வீட்டுக்காரி மார்லூஸும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. காப்பியோடு அவள் வைக்கும் ஒற்றை பிஸ்கட்டும் கொஞ்ச நாளாக வருவதில்லை, கடை வேலை அதிகம் போலிருக்கிறது. அங்கு உன் நலமும் பூனையின் நலமும் அறிய ஆவல். ஆவல் என்று பேச்சுக்கு எழுதவில்லை. பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. எட்டு முறை கூப்பிட்டேன். ஒன்பதாவது முறை எடுத்து, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தாய். அது உன் மூச்சுதான்.

காரணம் எனக்குத் தெரியும். மார்லூஸின் இணையக் கடைக்கு நீ நாலு நட்சத்திரம் போட்டாய். "கூடப் பொறந்தவளே ஒண்ணைக் குறைச்சா வெளியாளு எதை நம்பி வாங்குவான்?" என்று நான் கத்தினேன். "நாலுன்னா ரொம்ப நல்லாயிருக்குன்னுதான்டா அர்த்தம்! அஞ்சு போட அதென்ன சொர்க்கத்துல செஞ்ச மிட்டாயா?" என்றாய். நீ சொன்னதுதான் சரி அக்கா. அது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்தால் நீயே போனை எடுப்பாய்.

முப்பத்தொரு வருடம் ரயிலில் சீட்டுப் பரிசோதித்தவன் நான். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளையே நம்பாமல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன். முகமே தெரியாதவர்கள் முகமே தெரியாத ஒருத்தியிடம் உப்பு அதிமதுர மிட்டாய் வாங்குவார்கள் என்று மார்லூஸ் சொன்னபோது சிரித்தேன். ஆறு மாதம் என் சிரிப்புதான் ஜெயித்தது. வாங்கியது மூன்றே பேர்: நீ, எதிர்வீட்டுக்காரி, தவறிப்போய் எதையோ அழுத்திவிட்ட நான். மார்லூஸ் முகம் வாடியதைப் பார்த்து மருமகன் யோரிஸ் ஓடி வந்து, "அத்தை, இனிமே மெஷினே பதில் போடும். அன்பாவே பேசும், நீங்க பாருங்க" என்று கம்ப்யூட்டரில் எதையோ பொருத்திவிட்டுப் போனான். மறுவாரம் லேவார்டனிலிருந்து ஒரு பெண், 'அப்பாவுக்காகக் கேட்டிருந்தேன், அவர் நேற்று இறந்துவிட்டார், அனுப்ப வேண்டாம்' என்று எழுதினாள். மெஷின் உடனே, 'அருமையான செய்தி! இன்னும் ஒரு பொட்டலம் சேர்க்கட்டுமா?' என்று அன்பாகக் கேட்டது. மார்லூஸ் அதைப் பிடுங்கி எறிந்த வேகத்தில் என் ரேடியோவும் சேர்ந்து அணைந்தது. அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, "உங்களுக்குப் பதில் சொன்னது மெஷினு. அதை வெச்சது என் தப்பு" என்றாள். அவ்வளவுதான், ஒரு சாக்கும் இல்லை. பிறகு இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், அடுப்பில் உருளைக்கிழங்கு கரிந்தது, பேச்சில் அந்த அப்பாவின் பிறந்தநாள் வந்தது. மார்லூஸ் அதைப் போய்க் கழிவறையில் நம் ஊர் வழக்கப்படி தொங்கும், அம்மா குடும்பத்தார் பிறந்தநாளையெல்லாம் குறித்துவைத்த காலண்டரில் எழுதிவைத்தாள். அந்த நாள் வந்ததும் ஓர் அட்டை போட்டாள்: 'இன்று உங்களுக்கு அப்பா ஞாபகம் வரும். நானும் அவரை நினைத்துக்கொண்டேன்.'

"கீழே கடைப் பேராவது போடேன்" என்றேன்.

"துக்கத்துல போயி யாராவது கடை விரிப்பாங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் யாரிடமெல்லாம் சொன்னாளோ, மிட்டாய் கேட்டு வந்த செய்திகளோடு குடும்பக் கதைகளும் வர ஆரம்பித்தன. மார்லூஸ் எல்லாவற்றையும் படித்தாள், எல்லோருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். ரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர் ஐந்து பொட்டலம் கேட்டார். 'வாங்காதீர்கள், உங்கள் உடம்புக்கு ஆகாது' என்று பதில் போட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் தன் தெருவையே வாங்க வைத்தார்! பிறந்தநாள் சொன்னவர்களையெல்லாம் எழுதி எழுதிக் காலண்டர் நிறைந்து, மிச்சப் பேர்களைச் சுவரில் சீட்டுச் சீட்டாக ஒட்டியிருக்கிறாள். இப்போது எங்கள் கழிவறையில் நானூறு பேர். அக்கா, சிரிக்காதே, கதவைச் சாத்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் எனக்குத் தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து ஃபான் டெல்டன் என்று ஒருவர், பளபளக்கும் ஷூவோடு கடையை விலைக்கு வாங்க வந்தார்.

"வாங்கினவங்க அத்தனை பேரும் திரும்பி வர்றாங்களேம்மா. அந்தப் பட்டியலை எங்க வெச்சிருக்கீங்க?"

"டாய்லெட்ல" என்றாள் மார்லூஸ்.

அவர் சிரித்தார். கூட்டிப்போய்க் காட்டினாள். உள்ளே போனவர் பத்து நிமிடம் வரவில்லை. வந்தபோது சிரிப்பைக் காணோம்.

"மார்ச் பதிமூணுல ஒரு பேரு... அது எங்கம்மா. நாளன்னிக்கு. நான் சுத்தமா மறந்துட்டேன்."

"அல்மெலோ ஊர்ல இருக்கற அம்மாவா? அவங்களுக்குப் பல்லு வலி, மெத்துன்னு இருக்கற மிட்டாய்தான் ஆகும். உங்களைப் பத்திக்கூடச் சொல்லுவாங்களே."

"என்ன சொன்னாங்க?"

"பையனுக்கு வேலை ஜாஸ்தின்னு."

மனிதர் விலை பேசவே இல்லை. அந்த மெத்தென்ற மிட்டாயில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் வாசல்வரை போய், "சொந்த ரத்தத்தோட பொறந்தநாளை மறக்கறவன்லாம் ஒரு மனுஷனாய்யா?" என்று நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். முகம் தெரியாதவளை நானூறு பேர் நம்புகிறார்கள், கூடவே இருந்த நான் நம்பவில்லை. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, மலைப்பாகவும் இருக்கிறது. உன் நாலு நட்சத்திரம் உண்மையானது, அதனால் அதுவே போதும். கோபத்தை விடு. பூனைக்கு என் அன்பு, உன் ரோஜாச் செடிகளுக்கு நல்ல வெயில் கிடைக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ரெய்ண்டர்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுக் கழிவறைக்குப் போனேன். மார்ச் இரண்டு. அம்மாவின் கையெழுத்தில், அல்பெர்டா. உனக்கு எழுபது வயது! மேலே யார் சீட்டும் ஒட்டியிருக்கவில்லை, சாக்குச் சொல்லவும் வழியில்லை. அந்த ஞாயிறு மார்லூஸ் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "பொறந்தநாளுக்குப் போறேன், வரலியா?" என்று கேட்டாள். நான் பொட்டலம் கட்டியபடி, தலை நிமிராமல், "கண்டவங்க பொறந்தநாளுக்கெல்லாம் போயிட்டிருந்தா பொழப்பைப் பாக்க வேணாமா? நீயே போ" என்றேன். இப்போது போய் அவளிடம் கேட்டேன்.

"யாருன்னு சொல்லியிருக்கலாமே!"

"தினம் மூணு தடவை அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"அக்கா என்ன கேட்டா?"

"தம்பி ஏன் வரலன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்."

அவள் பொய் சொல்ல மாட்டாள் அக்கா. கடையே அதில்தான் நிற்கிறது. பிஸ்கட் நின்றதும் அதனால்தான் என்று இப்போது புரிகிறது. ஃபான் டெல்டனுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அவராவது நாளுக்கு முன்னால் பார்த்துவிட்டார். கடைக்கு நாலு நட்சத்திரம் அப்படியே இருக்கட்டும், தம்பிக்கு ஒன்றும் போட வேண்டாம். ஞாயிறு காலைப் பத்தே கால் வண்டியில் கேக்கோடு வருகிறேன். கதவை மட்டும் திற.