எந்தக் காலில் சுளுக்கு?

அன்ரனிதாஸின் தலை ரீசேட்டுக்குள் பாதி வழியில் நின்றுவிட்டது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி கிடக்க, அவர் அலுமாரியில் போய் முட்டினார்.

"ஞானம், கெதியா இழும்! மூச்சு முட்டுது."

மனைவி ஞானசவுந்தரி குசினியிலிருந்து ஓடி வந்தாள். "மேலால இழுக்கிறதோ, கீழால இழுக்கிறதோ?"

"எங்காலயெண்டாலும் இழும்!"

அவள் இழுத்த இழுப்பில் ரீசேட் இறங்கியது. எங்கேயோ ஒரு தையல் விட்டுப்போன சத்தமும் கேட்டது. நெஞ்சில் 'ஓடுவோம், உயிர் காப்போம்' என்று அச்சடித்திருந்தார்கள். 'ஓடுவோம்' ஒரு கமக்கட்டிலிருந்து மறு கமக்கட்டு வரை நீண்டு கிடந்தது.

"இருக்கிறதிலயே பெரிய அளவு இதுதானாம்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"வாற ஞாயிறு ஓட்டம். நீங்கள் கோயிலுக்கு நடந்து போறதுக்கே மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறனீங்கள். ஏனப்பா ஓமெண்டு சொன்னனீங்கள்?"

அன்ரனிதாஸ் ரீசேட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்துவிட்டார். உண்மையில் அவர் ஓமென்று சொல்லவே இல்லை.

அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தீவுப்பகுதிச் சனங்களுக்குச் சீனியைக் குறையுங்கோ, எண்ணெயைக் குறையுங்கோ, தினமும் நடவுங்கோ என்று வருசக்கணக்காகச் சொல்லிவருபவர். நெடுந்தீவு நோயாளிகளை ஏற்றி வரும் வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்கக் காசு சேர்க்கவேண்டும், அதற்காக வேலணையிலிருந்து ஊர்காவற்றுறை வரை ஓட்டம் ஒன்று வைப்போம் என்று கூட்டத்தில் முடிவானது. "ஆர் முன்னுக்கு நிண்டு கூட்டிக்கொண்டு போறது?" என்று டொக்டர் நிலாந்தி கேட்ட அதே நேரத்தில்தான் அன்ரனிதாஸ் கதிரையை விட்டு எழும்பினார். மேசையின் மற்றக் கரையில் தட்டில் கிடந்த பற்றிஸ் பலகாரம்தான் அவருடைய நோக்கம்.

"பாருங்கோ! ஒருத்தரும் கேக்காமலே எழும்பிட்டார்" என்றார் டொக்டர். மண்டபம் கைதட்டியது.

அந்த நேரம் பற்றிஸ் என்று சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். அவர் சொன்னது வேறு. "எனக்கென்ன டொக்டர், நான் நாளாந்தம் ஓடுறனான்தானே."

ஆகவே, நாளாந்தம் ஓடுவதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

ரீசேட்டைப் போட்டுப் பார்த்த மறுநாள் விடியும்போதே, சனம் எழும்ப முதல், அவர் பின் ஒழுங்கையால் ஓடத் தொடங்கினார். பனங்காணி தாண்டவில்லை, இரண்டு நாய்கள் சேர்ந்துகொண்டன. அவர் வேகத்தைக் கூட்டினார். நாய்களும் கூட்டின. கடைசியில் ஒரு வேலியின் பொட்டுக்குள்ளால் பூந்து, நல்லம்மாவின் முற்றத்தில் போய் விழுந்தார்.

நல்லம்மா விளக்குமாறோடு நின்றாள். "ஐயோ, சேர்! டெங்கு நுளம்பு பாக்கவே வந்தனீங்கள்? இந்த விடியவே!"

மூச்சு வாங்கியதில் அவரால் கதைக்க ஏலவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நுளம்பு பெருகத் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறவர்களை வீடு வீடாக ஓடி ஓடிப் பிடிக்கிறாராம், வழக்குப் போடப்போறாராம் என்று ஊர் முழுக்கக் கதை போனது. வெய்யில் ஏறுவதற்குள் வாளி, பீப்பா, கிடாரம் என்று தண்ணீர் நின்ற பாத்திரமெல்லாம் கவிழ்ந்துவிட்டது. ஆவணி மாதம். கிணறெல்லாம் உவர். ஊற்றியது முழுக்க முதல் நாள் பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீர்.

மத்தியானம் பெண்கள் வெறுங்குடங்களோடு அவருடைய கந்தோர் வாசலுக்கு வந்தார்கள். சண்டை பிடித்திருந்தால் பரவாயில்லை. "நீங்கள் எங்கட நன்மைக்குத்தானே சேர் ஓடினனீங்கள், எங்களில கோவிக்காதேங்கோ" என்று நல்லம்மா சொன்னதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பவுசருக்கு ஆள் மாறி ஆள் தொலைபேசி எடுத்துக் கெஞ்சியதில் அவருடைய அன்றைய நாள் போனது. ஓடிப் பழகுகிற எண்ணமும் அதோடு போனது.

"உண்மையைச் சொல்லிப்போட்டு விலகுங்கோவன்" என்றாள் ஞானசவுந்தரி.

"என்னெண்டு சொல்லுறது? சனத்துக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கிற எனக்கு வேலி வரைக்கும் ஓட ஏலாதெண்டோ?"

அதைவிட ஒரு சுளுக்கு மரியாதையானது என்று அவருக்குப் பட்டது. வலது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கெந்திக் கெந்தி டொக்டர் நிலாந்தியிடம் போனார்.

டொக்டர் குனிந்து கணுக்காலை அமத்தினார்.

"ஆ! அம்மா!" என்று கத்தினார் அன்ரனிதாஸ்.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நான் அமத்தினது இடது கால்."

அன்ரனிதாஸ் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் டொக்டர்" என்றார் அவர் மெல்ல. "கட்டுத்துணி ஒண்டுக்குத்தான் காணும்."

"பாவம். அப்ப ஓட வேண்டாம்."

அன்ரனிதாஸுக்கு உயிர் வந்தது.

"மெதுமெதுவா நொண்டிக்கொண்டு வாங்கோ, போதும். இந்தக் காலோட நீங்கள் வாறதைப் பாத்தால் கல்லு மனமும் இளகும்."

அடுத்த நாள் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ அவர் வீட்டு வாசலால் போனது. "அன்பார்ந்த மக்களே! இரண்டு கால்களும் சுளுக்கிய நிலையிலும், நெடுந்தீவு உறவுகளுக்காக ஓடவருகிறார் எங்கள் பரிசோதகர் அன்ரனிதாஸ் அவர்கள்! உண்டியலில் தாராளமாகப் போடுங்கள்!"

அவர் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையால் காதைப் பொத்தினார். ஓட்டோ சந்தியில் திரும்பி மறுபடியும் வந்தது. ஞானசவுந்தரி வந்து யன்னலைச் சாத்தினாள். அது அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. பின்னேரம் பக்கத்து வீட்டார் நல்லெண்ணெய்ப் போத்தலோடு கால் பார்க்க வந்தபோது, அவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

ஞாயிறு காலை வேலணை வங்களாவடிச் சந்தியில் நல்ல கூட்டம். டொக்டர் நிலாந்தி வெள்ளைச் சப்பாத்தோடு நின்றார். பங்குத்தந்தை அங்கியைக் களைந்துவிட்டு நீளக் காற்சட்டையில் வந்திருந்தார். ஆசிரியர்மார், கந்தோர் ஆட்கள், கடைக்காரர் எல்லாரும் அதே ரீசேட்டில். அவரவருக்கு அது அளவாக இருந்தது.

விசில் ஊதியது. அன்ரனிதாஸ் நொண்டிக்கொண்டு புறப்பட்டார். அவரை முந்தக்கூடாது என்ற மரியாதையில் முழுக் கூட்டமும் அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. செத்தவீட்டு ஊர்வலம் மாதிரி இருந்தது. கொஞ்சத் தூரத்தில் எந்தக் காலை நொண்டுவது என்பதை அவர் மறந்துபோனார்.

"நீங்கள் போங்கோ, போங்கோ! என்னைப் பாக்காதேங்கோ!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர்கள் தயங்கித் தயங்கி முந்தினார்கள். வளைவில் திரும்பினார்கள். அதற்குப் பிறகு தெருவில் ஆளரவமே இல்லை.

புளியங்கூடல் தாண்டும்போது அவர் நொண்டுவதை விட்டிருந்தார். நொண்டவும் பெலன் வேண்டும். வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆள் தெரியாமல் பனைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, திரும்பி நின்றார். கடைசியில் ஒரு மதகில் குந்திவிட்டார். கண் இருண்டது. குதிக்கால் எரிந்தது. உண்மையாகவே ஒரு சுளுக்கு வந்தாலாவது மனம் ஆறும் போலிருந்தது. அதுவும் வரவில்லை.

மீன்பிடிகாரர் குருசுமுத்துவின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் டக்குடக்கென்று வந்து நின்றது. பெட்டி நிறைய மீன்வலை.

"என்ன சேர், ஏலாதோ? ஏறுங்கோ."

"சனம் பாக்குமண்ணை."

"வலைக்குக் கீழ படுங்கோ. ஒரு குருவிக்கும் தெரியாது."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஏறினார். படுத்தார். குருசுமுத்து வலையை இழுத்து மூடினார்.

கரம்பொனில் தெருவோரம் சனம் நின்றது வலைக்கண்களினூடாகத் தெரிந்தது. ஒரு பெண் சொன்னாள்: "எங்கட சேரை இன்னும் காணேல்லை. பாவம், அந்தக் காலோட எந்த மூலையில இருந்து வருந்துறாரோ. இஞ்ச, இதையும் உண்டியலில போடு." அன்ரனிதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலையில் காய்ந்துகிடந்த செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டியது. மாதாவே, இப்படியே என்னைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ஊர்காவற்றுறை மைதானத்துக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கி, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனார். அங்கே இன்னொரு வெட்கம் காத்திருந்தது. வாகனத்தில் வந்தும் அவர்தான் கடைசி. மற்ற எல்லாரும் பந்தலுக்குக் கீழே கதிரைகளில் இருந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. ரீசேட் நனையவில்லை. டொக்டரின் தலைமயிர்கூடக் கலையவில்லை. இதெல்லாம் மனிசரோ, நெடுந்தீவுக் காட்டுக்குதிரைகளோ என்று அவர் நினைத்தார்.

கைதட்டல் எழுந்தது. மாலை விழுந்தது. பிறகு நெடுந்தீவிலிருந்து வந்திருந்த சரோஜினிதேவி என்ற பெண் முன்னால் வந்தாள்.

"போன மாரியில என்ர மனுசனைக் கொண்டுவரேக்க நடுக்கடலில எஞ்சின் நிண்டுபோச்சு ஐயா. அந்தாள் உயிர் தப்பினது கடவுள் புண்ணியம். இனிமேல் ஒருத்தருக்கும் அப்பிடி வராது. உங்கட காலைப் பாத்துத்தான் சனம் அள்ளிப் போட்டது." சொல்லிவிட்டு அவள் குனிந்து அவருடைய கால்களைத் தொட வந்தாள்.

"ஐயோ, தொடாதேங்கோ!" என்று அவர் துள்ளிப் பின்னால் பாய்ந்தார். சுளுக்கிய கால்கள் அப்படிப் பாய்வதில்லை. கூட்டத்தில் இருந்த ஞானசவுந்தரி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

அன்ரனிதாஸ் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் காலில ஒண்டுமில்லை" என்றார். "ரெண்டிலயும் ஒண்டுமில்லை. நான் நாளாந்தம் ஓடுறதும் இல்லை. அண்டைக்குக் கூட்டத்தில நான் எழும்பினது பற்றிஸ் எடுக்க. பேந்து வெக்கத்தில பொய் சொன்னன், அந்தப் பொய்யை மறைக்க இன்னொண்டு சொன்னன். இண்டைக்கும் நான் ஓடி வரேல்லை. புளியங்கூடலுக்கு அங்கால லான்ட்மாஸ்ரரில, வலைக்குக் கீழ படுத்து வந்தனான். என்னை நம்பிக் காசு போட்ட ஆக்கள் திருப்பி எடுக்கிறதெண்டால் எடுங்கோ, அந்தக் குறையை என்ர சம்பளத்தில குடுக்கிறன். உங்கள் எல்லாரையும்போல நேர்மையா ஓட எனக்கு ஏலாமல் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

டொக்டர் நிலாந்தி தன் விரல் நகங்களைப் பார்த்தார். பங்குத்தந்தை நிலத்தைப் பார்த்தார். ஆசிரியர்மார் தொண்டையைச் செருமினார்கள். கடைக்காரர் ஒருவர் சர்பத் கோப்பையைக் கதிரைக்குக் கீழே மெதுவாக வைத்தார். ரீசேட் போட்ட ஒருவரும் தலை நிமிரவில்லை. எனக்காக இத்தனை பேர் வெட்கப்படுகிறார்களே என்று அன்ரனிதாஸுக்கு அழுகை வந்தது.

அப்போது பந்தல் வாசலில் ஒரு பஸ் கொண்டக்டர், தோளில் தொங்கிய காசுப்பையோடு, கைநிறையச் சாமான்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்:

"நாரந்தனையில எங்கட பஸ்ஸை மறிச்சு ஏறின ஓட்டக்காரர் எல்லாரும் இஞ்சதானே நிக்கிறியள்? மூண்டு தொப்பி, ஒற்றைச் சப்பாத்து, பாதரின்ர மூக்குக்கண்ணாடி எல்லாம் சீற்றில கிடந்தது, வந்து எடுங்கோ!"